பைலற் சுடர் நிற்கவில்லை: நாமே பார்ப்பதா, திருத்துநரை அழைப்பதா, பாகம் தருவிப்பதா, மாற்றிவிடுவதா?

புதுக்குடியிருப்பில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: ஓவனின் குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுடர் எரிகிறது, கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது, இதைத் திருத்தலாமா, புதிதாக ஒன்று வாங்குவதா? கிளிநொச்சியிலிருந்து ஓர் ஐயா, கனடாவில் இருக்கும் மகள் கப்பலில் அனுப்பிய அடுப்பு மஞ்சளாகப் புகைந்து எரிகிறது என்கிறார். மாங்குளம் பக்கத்திலிருந்து ஒருவர், பற்றாமல் நிற்கும் சுடுநீர்க் கருவியை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். சாதனங்கள் வேறு என்றாலும், மூவரும் நிற்பது ஒரே இடத்தில்தான். சுடர் நிற்கவில்லை, அடுத்து யாரிடம் போவது, எவ்வளவு செலவழிப்பது என்று தெரியவில்லை.

தெரிவுகளுக்குள் போகும் முன் ஒன்றைத் தனியே சொல்லிவிட வேண்டும். வீட்டில் காஸ் மணம் வந்தால் ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. சிலிண்டரை மூடுங்கள், கதவு யன்னல்களைத் திறந்துவிடுங்கள், மின்விளக்கு ஆளியைத் தொடாதீர்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். நம் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடப் பாரமானவை. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்த வாயு மேலே போகாது. தரையோடு படர்ந்து, குசினியின் தாழ்ந்த மூலையில் தேங்கி நிற்கும். ஆகவே மணத்தைத் தேடுவதென்றால் முழங்காலுக்குக் கீழே தேட வேண்டும். கூரைக்குக் கீழே காற்றோட்டம் இருக்கிறது என்று ஆறுதல் அடைவதில் பொருளில்லை.

## முதலில் அளவுகோல்கள்

எந்த வழியைத் தெரிந்தாலும் ஐந்து கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும்.

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும் வெல்லக்கூடியதுமான கேள்வி: பழுது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? சிலிண்டர், ரெகுலேற்றர், குழாய், அடுப்பின் உள்ளே இருக்கும் வால்வு வரை உள்ளது வாயு வெளியே வராமல் உள்ளுக்குள் ஓடும் பக்கம், அதாவது வாயுப் பக்கம். ஜெற் (வாயு பீறிட்டு வரும் நுண்துளை முனை), காற்றுத் துளை, எரிகலத் தலை, தீப்பொறி முனை, தெர்மோகப்பிள் (சுடரின் சூட்டை உணரும் கம்பி) நுனி ஆகியவை சுடர் எரியும் பக்கம். இரண்டாவது பக்கத்தில் வீட்டுக்காரர் கை வைக்கலாம். முதலாவதில் கூடாது. இந்த ஒரு கோட்டை மனதில் இருத்திக்கொண்டால் முக்கால்வாசித் தீர்மானம் முடிந்துவிடும்.

இரண்டாவது, சாதனம் எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்டது என்பது. மூன்றாவது, பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் ஒருவருக்கு, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஒருமுறை போய்வருவதே ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். நான்காவது, அந்தச் சாதனம் நின்றால் வீட்டில் என்ன நிற்கும். இரண்டாவது அடுப்பாக விறகு அடுப்பு இருக்கும் வீடும், ஓவனை நம்பிக் கேக் கட்டளைகளை ஏற்றுக்கொண்ட வீடும் ஒன்றல்ல. ஐந்தாவது செலவு, விலைப்பட்டியலில் தெரியும் செலவும் தெரியாத செலவும்.

## சுடர் என்ன சொல்கிறது

பைலற் சுடர் என்பது பெரிய எரிகலத்தைப் பற்றவைப்பதற்காகத் தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர். அதன் பக்கத்தில் பென்சில் முனை போன்ற ஓர் உலோகக் கம்பி சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகங்கள் இணையும் இடம் சூடாகும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. நல்ல நிலையில் 20 முதல் 30 மில்லிவோல்ற். வாயு வால்வுக்குள் இருக்கும் ஒரு சிறு மின்காந்தத்தைத் திறந்த நிலையில் பிடித்துவைக்க அது போதும். காற்றிலோ, பொங்கி வழிந்த கஞ்சியிலோ சுடர் அணைந்தால், கம்பி ஆறுகிறது, காந்தம் விடுகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. எரியாத வாயு வீட்டுக்குள் நிரம்பாமல் காப்பது இந்தச் சின்னக் கம்பிதான்.

இன்று நம் கடைகளில் விற்கும் இரட்டை அடுப்புகள் பெரும்பாலானவற்றில் தொடர்ந்து எரியும் பைலற் சுடர் இல்லை. குமிழைத் திருப்பும்போது பியேசோப் பொறி தட்டிப் பற்றவைக்கிறது. ஆனால் ஓவன்களிலும், சற்று விலை கூடிய மேசை அடுப்புகளிலும் அதே தெர்மோகப்பிள் பாதுகாப்பு இருக்கிறது. குமிழைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வது அதற்காகவே. ஆகவே கீழே சொல்வது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

அறிகுறிகளைப் பார்ப்போம். பிடித்திருக்கும்வரை எரிந்து, விட்டதும் அணைந்தால், சந்தேகம் முதலில் தெர்மோகப்பிளில். நுனியில் கரி படிந்திருக்கலாம், வளைந்து சுடருக்கு வெளியே நிற்கலாம், தேய்ந்திருக்கலாம். அதன் பிறகே காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். சுடர் மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால் காற்று போதவில்லை. காற்றுத் துளையில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கும். சுடர் எரிகலத்தை விட்டு எம்பி, இரைச்சலோடு எரிந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது. அது ரெகுலேற்றரின் கதை. பொறி வருகிறது, வாயு வரவில்லை என்றால் ஜெற் அடைபட்டிருக்கலாம், அல்லது சிலிண்டர் மாற்றிய கையோடு குழாயில் காற்று நின்றிருக்கலாம். காற்று நிற்பது பழுதே அல்ல. சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தால் சரியாகிவிடும்.

நல்ல பைலற் சுடர் நீலமாக, அசையாமல், தெர்மோகப்பிள் நுனியின் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரைச் சூழ்ந்து எரியும்.

வன்னிக்கென்று சில காரணங்கள் உண்டு. வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்று, தென்மேற்குப் பக்கம் திறந்த குசினிக்குள் நேரே புகுந்து சுடரை அணைத்துவிடும். அதற்குத் திருத்துநர் வேண்டாம்; அடுப்பை இரண்டு முழம் தள்ளி வைத்தால் போதும். கிரவல் வீதியோர வீடுகளில் செம்மண் தூசி காற்றுத் துளைக்குள் படிகிறது. சில மாதம் பாவிக்காமல் விட்ட அடுப்பில் வாயுவும் காற்றும் கலக்கும் கலவைக் குழாய்க்குள் வேட்டைக் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று தீப்பொறி முனையையும் திருகுகளையும் தின்கிறது. வெளிநாட்டுக் கையேடுகளில் சோளகத்தைத் தேடினால் கிடைக்காது.

## வழி 1: நாமே சுத்தம் செய்து பார்ப்பது

சுடர் பக்கத்துப் பழுதுகளில் பெரும்பங்கு அழுக்கினால் வருபவை. ஆகவே செலவே இல்லாத இந்த வழியை முதலில் எடுப்பது நியாயம். சிலிண்டரை மூடி, அடுப்பு முழுதாக ஆறிய பிறகே தொடங்குங்கள்.

எரிகலத் தலையைக் கழற்றி வெந்நீரில் சவர்க்காரம் போட்டுப் பழைய பல்தூரிகையால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பொறி தாவாது. தெர்மோகப்பிள் நுனியை மிக மெல்லிய உப்புத்தாளால் ஓரிரு முறை மட்டும் தடவி, கரியை எடுங்கள். தீப்பொறி முனையின் வெள்ளைப் பீங்கானில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கலவைக் குழாய்க்குள் குளவிக்கூடு இருந்தால் ஈரத்துணியைச் சுற்றிய கம்பியால் எடுக்கலாம். தூசிக்குச் சைக்கிள் பம்பு நல்லது. வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும்.

ஜெற் விடயத்தில் மட்டும் கையைக் கட்டுப்படுத்துங்கள். பைலற் ஜெற்றின் துளை அரை மில்லிமீற்றரிலும் சிறியது. ஈர்க்கு விட்டால் நுனி முறிந்து உள்ளே நிற்கும். ஊசி விட்டால் பித்தளை அகன்றுவிடும். அகன்ற துளையால் கூடுதல் வாயு போகும், சுடர் நிரந்தரமாகக் கெடும். கழற்ற முடிந்த ஜெற்றென்றால் மதுசாரத்தில் ஊறவைத்து, பம்பால் ஊதுங்கள். கழற்ற முடியாததென்றால் விட்டுவிடுங்கள்.

பற்றவைக்கும்போது குமிழை அழுத்தி, தீ வைத்து, பைலற் சுடரென்றால் அரை நிமிடம் தொடக்கம் ஒரு நிமிடம் வரை பிடித்திருக்க வேண்டும். பலர் பத்து விநாடியில் கையை எடுத்துவிட்டு, பழுது என்கிறார்கள். பற்றவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடி, ஐந்து நிமிடமாவது காற்றாட விட்டுத்தான் மறுபடி முயல வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்காதவர்களின் முகத்தில்தான் ஓவன் கதவு தீயோடு திறக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கே நேரமும், அளவு தெரியாத துணிவும். துடைத்தும் சரிவராதபோது, 'இன்னும் ஒரு திருகைக் கழற்றிப் பார்ப்போம்' என்று கை தானாக வால்வுப் பக்கம் போகும். அந்த இடத்தில் நிறுத்துவதற்கு மனம் இருந்தால் இந்த வழி மிக நல்லது. பியேசோப் பொறி மட்டும் செத்துப்போன அடுப்பு என்றால், கையில் பிடிக்கும் லைற்றர் ஒன்று வாங்கிவைப்பதோடு வேலை முடிந்தது. குமிழைத் திருப்புவதற்கு முன்னரே லைற்றரைக் கிட்டக் கொண்டுபோங்கள். வாயுவைத் திறந்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் தேடக் கூடாது.

## வழி 2: திருத்துநரை அழைப்பது

வாயுப் பக்கத்தில் எது நடந்தாலும் இதுவே வழி. ரெகுலேற்றர் இரைகிறது, குழாய் வெடித்திருக்கிறது, குமிழ் இறுகிவிட்டது, காந்தம் பிடிக்கவில்லை, சுடர் எம்புகிறது என்றால் மற்றத் தெரிவுகளைப் படிக்கவே வேண்டாம்.

சிக்கல், யாரை அழைப்பது என்பதில்தான். வீட்டுக் காஸ் சாதனங்களுக்கென்றே தொழில் செய்பவர்கள் வன்னிச் சிற்றூர்களில் அரிது. மின்வேலை செய்யும் தம்பியோ, குளிர்சாதனப் பெட்டி திருத்துபவரோ, சிலிண்டர் முகவரின் கடையில் நிற்பவரோதான் பெரும்பாலும் வருவார். அவர்களுக்குள் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரரை அடையாளம் காண மூன்று குறிகளைச் சொல்கிறேன். வந்தவுடன் சிலிண்டரை மூடுவார். தெர்மோகப்பிளைப் பழி சொல்வதற்கு முன் மீற்றரை எடுத்து மில்லிவோல்ற்றை அளந்து பார்ப்பார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று உங்களுக்குக் காட்டிவிட்டுப் போவார். கசிவைப் பார்க்க நெருப்புக்குச்சியைக் கொளுத்துபவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

புதுக்குடியிருப்புச் சகோதரியின் ஓவனுக்கு என் பதில் இந்த வழிதான், ஆனால் வழி 1இல் சொன்னபடி நுனியை ஒருமுறை துடைத்துப் பார்த்த பிறகு. தெர்மோகப்பிள் ஒரு மலிவான பாகம். பல நீளங்களிலும் பல மரைகளிலும் பொருந்தக்கூடிய பொது வகைகளும் உண்டு. மாற்றுவதற்கு அரை மணித்தியாலம் போதும். மரையைக் கையால் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் முனை நசுங்கிப் புதிய பாகமும் வேலை செய்யாது. அதற்காக ஓவனையே மாற்றுவது வீண்செலவு.

இந்த வழியின் மறைசெலவு போக்குவரத்து. பரந்தன்–முல்லைத்தீவு (ஏ35) வீதியில் இருக்கும் ஊர்களுக்குக் கிளிநொச்சியிலிருந்து ஒருவர் வர வேண்டுமென்றால், பார்வையிட ஒருமுறை, பாகத்தோடு மறுமுறை என்று இரண்டு பயணக் கூலி. இதைக் குறைக்கலாம். அழைக்கும்போதே சாதனத்தின் பின்பக்கத் தகட்டையும், சுடரையும், பழைய பாகத்தின் இரு முனைகளையும் படமெடுத்து அனுப்பிவிட்டால் அவர் பாகத்தோடு வருவார். மேசை அடுப்பென்றால் கொண்டுபோவது மலிவு; ஆட்டோவில் அடுப்பு மட்டும் போகட்டும், சிலிண்டர் வீட்டில் நிற்கட்டும்.

## வழி 3: வெளிநாட்டிலிருந்து பாகம் தருவிப்பது

வன்னியில் இந்தத் தெரிவு வேறெங்கும் இல்லாத அளவுக்குப் பெரியது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புகிறார்கள். சாதனம் வருகிறது, பழுதாகிறது, பாகம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பாகத்தைக் கேட்பதற்கு முன் தகட்டைப் பாருங்கள். இங்கேதான் பலர் பணத்தையும் பாதுகாப்பையும் ஒருசேர இழக்கிறார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு, அதாவது மெதேன். நம்மிடம் அது வீட்டுக்கு வருவதில்லை. 2011இல் மன்னார்க் கடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. அது இன்னும் கடலுக்கடியிலேயே இருக்கிறது. நம் குசினிக்கு வருவது சிலிண்டரில் அடைத்த திரவ வாயுதான்.

ஒரு கன மீற்றர் மெதேன் எரிந்து தரும் வெப்பத்தைப் போல் புரொப்பேன் ஏறத்தாழ இரண்டரை மடங்கும், பியூட்டேன் மூன்று மடங்குக்கு மேலும் தரும். ஆகவே மெதேனுக்கான ஜெற்றின் துளை பெரியது. அதே துளையால் நம் வாயுவை விட்டால் சுடர் பெருத்து, மஞ்சளாகி, சட்டியில் கரி பிடிக்கும். மூடிய அறையில் காபன் மொனொக்சைட்டும் சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கிளிநொச்சி ஐயாவின் அடுப்பு மஞ்சளாகப் புகைவதற்கு அழுக்கைத் தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பியத் தகட்டில் ஜி20 என்றால் இயற்கை வாயு. ஜி30 பியூட்டேன், ஜி31 புரொப்பேன். வட அமெரிக்கத் தகட்டில் வாயுவின் பெயரே எழுதியிருக்கும். புரொப்பேன் அல்லது எல்.பி. (திரவ வாயு) என்றிருந்தால் நமக்கு உரியது. இயற்கை வாயுவுக்கானது என்றால், அந்த மாதிரிக்கென உற்பத்தியாளர் விற்கும் மாற்றுத் தொகுதி வேண்டும். ஜெற்றுகள் எல்லாம் மாற வேண்டும், அழுத்தச் சீராக்கி மாற வேண்டும், சிறு தீக்கான திருகுகளும் சரிசெய்யப்பட வேண்டும். ஒரு ஜெற்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்ட முடியாது. தொகுதி கிடைக்காத மாதிரி என்றால் அந்தச் சாதனத்தை இங்கே பாவிக்க முடியாது என்று ஏற்றுக்கொள்வதே சரி. மகளின் அன்புக்கு அதில் குறைவில்லை.

இன்னொன்று: கனடாவிலிருந்து வந்த அடுப்பின் பொறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் 120 வோல்ற் வேண்டும். நம் சுவரில் 230. நேரே செருகினால் பலகை எரியும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றிப் பெட்டி வாங்கினால் அது இன்னொரு செலவு.

எப்போது இந்த வழி நல்லது? சாதனம் நம் வாயுவுக்கு உரியது, மற்றப்படி நல்ல நிலையில் இருக்கிறது, பழுது எந்தப் பாகம் என்று ஒருவர் அளந்து உறுதிசெய்துவிட்டார், காத்திருக்க நாள் இருக்கிறது. அப்போது மாதிரி இலக்கத்தோடு எழுதிக் கேளுங்கள். உறுதிசெய்யாமல் தெர்மோகப்பிளைத் தருவித்து, வாரக் கணக்கில் காத்து, கடைசியில் பழுது காந்தத்தில் என்று தெரிவது மிகவும் கசப்பானது.

## வழி 4: மாற்றிவிடுவது

தொடர்ந்து எரியும் பைலற் சுடருள்ள சாதனம் உங்களிடம் இருந்தால், அதன் மறைசெலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பைலற் சுடரின் வெப்பத்தை 100 வாற்று என்று எடுத்துக்கொள்வோம். சுடுநீர்க் கருவிகளில் இது இன்னும் கூடும். ஒரு நாளுக்கு 2.4 கிலோவாற்று மணி. ஒரு கிலோ திரவ வாயுவில் இருப்பது ஏறக்குறைய 12.8; 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் 160. வகுத்தால் 66 நாள். ஒரு கேத்தல் தண்ணீர்கூடக் கொதிக்காமல், பைலற் சுடர் மட்டுமே இரண்டு மாதத்தில் ஒரு சிலிண்டரை முடித்துவிடும். கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த சிலிண்டர் 2021 ஒக்ரோபரில் 2,675 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனதை மறக்காத எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு போதுமானது. மாற்றுவதற்கு மனமில்லையென்றால், பாவிக்கும் நேரத்துக்கு மட்டும் பைலற்றைப் பற்றவைத்து, பிறகு அணைத்துவிடுங்கள்.

பைலற் சுடருள்ள சமையல் அடுப்புகள் பழைய காலத்தவை என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவில் 2012 முதல் தொடர்ந்து எரியும் பைலற்றோடு வீட்டுச் சமையல் அடுப்பைத் தயாரிக்கவே அனுமதியில்லை. ஆண்டு போகப் போகப் பாகம் அரிதாகும்.

மாற்றுவதென்றால் எதற்கு? சாதாரண இரட்டை அடுப்பு மலிவு, எந்த நகரிலும் கிடைக்கும், திருத்த ஆள் உண்டு; ஆனால் பலவற்றில் சுடர் காப்பு இல்லை, காற்றில் அணைந்தால் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். சிறு பிள்ளைகளோ, மறதி வரும் வயதில் அம்மம்மாவோ இருக்கும் வீட்டுக்கு, கிடுகுக் கூரைக் குசினிக்கு, சுடர் காப்புள்ள மாதிரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. மின்தூண்டல் அடுப்புக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு, துணை அடுப்பாக நல்லது என்பேன். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் அதை மட்டும் நம்ப முடியாது.

சுடுநீர்க் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது கடைகளில் இருக்கும் உடனடி வகைகள் பெரும்பாலானவற்றில் பைலற் இல்லை. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இரண்டு பெரிய பற்றரிகளின் பொறியால் பற்றிக்கொள்ளும். 'பற்றவில்லை' என்றால் முதலில் பற்றரியை மாற்றுங்கள். அடுத்துத் தண்ணீர் அழுத்தம். 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம். மூன்று மீற்றர் மேடையில் வைத்த தாங்கி 0.3 பார்தான் தரும். சில மாதிரிகள் அதில் எரியும், சில எரியாது. வாங்கும் முன் கையேட்டில் குறைந்த அழுத்தத்தைப் பாருங்கள். கிணற்று நீர் கடினமான ஊர்களில் உள்ளே சுண்ணாம்பு படிந்து, ஓட்டம் வருடா வருடம் குறையும். மாங்குளத்து வாசகரே, தாங்கியின் உயரத்தை அளந்து பார்க்காமல் கருவியை மாற்றாதீர்கள். புதியதும் அதே குளியலறையில் அதே காரணத்துக்காக நின்றுவிடக்கூடும். அதோடு, புகைபோக்கி இல்லாத கருவியை மூடிய குளியலறைக்குள் பொருத்தவே கூடாது. வெளிச்சுவரே அதற்கு இடம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நாமே சுத்தம் | திருத்துநர் | பாகம் தருவித்தல் | மாற்றிவிடுதல் |
|---|---|---|---|---|
| எந்தப் பழுதுக்கு | அழுக்கு, ஈரம், குளவிக்கூடு, பொறி | வாயுப் பக்கம் முழுவதும், தெர்மோகப்பிள், காந்தம் | உறுதிசெய்யப்பட்ட ஒரே பாகம், மாற்றுத் தொகுதி | பொருந்தாத வாயு, துருப்பிடித்த வால்வு, பாகமே இல்லாத மாதிரி |
| வெளிப்படைச் செலவு | இல்லை என்றே சொல்லலாம் | நடுத்தரம் | பாகம் மலிவு, அஞ்சல் கூடும் | அதிகம் |
| மறைசெலவு | அளவு தாண்டும் துணிவு, கெட்ட ஜெற் | இரட்டைப் பயணக் கூலி | காத்திருப்பு, தவறான மரை, 120 வோல்ற் | புதிய குழாய், ரெகுலேற்றர், பொருத்தும் கூலி |
| எவ்வளவு நாள் | அரை நாள் | சில நாள் | வாரக் கணக்கு | கடைக்குப் போகும் நாள் |
| யாருக்கு ஏற்றது | எல்லோருக்கும், முதல் முயற்சியாக | ஓவனில் வருமானம் உள்ளவர்களுக்கு | நல்ல சாதனமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு | பைலற் எரியும் பழைய சாதனம் உள்ளவர்களுக்கு |

## தெரிவுக்குள் வராத ஒன்று

சுடர் நிற்கவில்லை என்றதும் சிலர் சொல்லித்தரும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. காந்த வால்வைக் கழற்றிவிடுவது, அல்லது குமிழை அழுத்தியபடியே ஆப்பு வைத்துக் கட்டிவிடுவது. அடுப்பு எரியும், பிழைப்பு நடக்கும். ஆனால் அதன் பிறகு சுடர் அணைந்தால் வாயுவைத் தடுக்க எதுவும் இல்லை. இரவில், காற்றில், யாரும் பார்க்காத நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும். 2021 கடைசி மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் தொடர்ச்சியாக வெடித்தும் தீப்பிடித்தும் போனபோது, வாயுக் கலவையின் விகிதம் பற்றி எவ்வளவோ பேசப்பட்டது. கலவை நம் கையில் இல்லை. வால்வு நம் கையில் இருக்கிறது. யாராவது இப்படிச் செய்துதந்த அடுப்பு உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே சிலிண்டரை மூடிவிட்டு வழி 2க்குப் போங்கள்.

## வாங்கும் அன்று

மாற்றுவதென்று முடிவெடுத்தவர்கள் கடையில் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தகட்டில் திரவ வாயுவுக்கான குறி இருக்கட்டும். சுடர் காப்பு உண்டென்றால், எரிகலத்தின் பக்கத்தில் பொறி முனையைத் தவிர இன்னொரு சிறு முனையும் நிற்கும். கண்ணால் பார்த்து வாங்குங்கள். தெர்மோகப்பிளும் ஜெற்றும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பதில் சொல்லத் தெரியாத கடையில், பழுதானால் உதவி கிடைக்காது. பழைய குழாயைப் புதிய அடுப்புக்கு மாட்டாதீர்கள். எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிலை) குறியுள்ள குழாயாக, அச்சிட்ட காலம் முடியாததாக, இரு முனைக்கும் கிளிப்போடு வாங்குங்கள். எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும் வீடென்றால் மாதம் ஒருமுறை அதைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

பழைய சாதனத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், எந்த வாயுவுக்கானது, என்ன பழுது என்பதை ஒரு கடதாசியில் எழுதி அதன் முதுகில் ஒட்டிக் கொடுங்கள். காந்த வால்வு கெட்டதென்றால், அல்லது கழற்றப்பட்டதென்றால், யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஜெற்றுகளைக் கழற்றி எடுத்துவிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள்.